படம் துல்லியம், அளவு சரியா?

கண் பரிசோதனை முடிந்ததும் தரும் சீட்டில் ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் எல்லோருக்கும் தெரிந்த ‘பவர்’. இரண்டாவதில் எண் ஏதாவது இருந்தால், ‘சிலிண்டரும் கொஞ்சம் இருக்கு’ என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் ஃப்ரேம் எடுத்துக் காட்டப் போய்விடுவார். அந்தச் சிலிண்டருக்கு வயது இருநூறு. கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் ஏரி என்ற இளம் கணித அறிஞருக்கு இடது கண் படிக்க உதவவில்லை. கறுப்பு அட்டையில் ஊசித்துளை போட்டு, அதை ஓர் அளவுகோல் மீது முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். ஒரு தூரத்தில் துளை சாய்ந்த கோடாகத் தெரிந்தது. இன்னொரு தூரத்தில் முதல் கோட்டுக்குக் குறுக்கான கோடாகத் தெரிந்தது. எங்கே வைத்தாலும் புள்ளி புள்ளியாகத் தெரியவில்லை. உருளையின் ஒரு கீற்றைப் போல ஒரு திசையில் மட்டும் வளைந்த லென்ஸ் இருந்தால் சரியாகும் என்று கணக்குப் போட்டு, இப்ஸ்விச் ஊர்க் கண்ணாடிக்காரர் ஒருவரிடம் அதைச் செய்து வாங்கினார். 1825இல் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தில் அதைப் பற்றிக் கட்டுரையும் வாசித்தார்.

2008இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஷியாவ்வெய் ஜுவாங்கின் ஆய்வகத்தில் போ ஹுவாங்கும் மற்றவர்களும் அதே வகை சிலிண்டர் லென்ஸ் ஒன்றை நுண்ணோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவே வைத்தார்கள். ஏரி அதைப் போட்டது பிழையை நீக்க. இவர்கள் போட்டது பிழையைச் சேர்க்க. நன்றாக இருந்த ஒளிப்பாதையில், ஏரியின் கண்ணில் இருந்த அதே சிதறல் பார்வையை வேண்டுமென்றே உண்டாக்கி, செல்லுக்குள் ஒரு மூலக்கூறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அந்தப் பிழையின் வடிவத்திலிருந்தே படித்தார்கள். பக்கவாட்டில் 20 முதல் 30 நானோமீட்டர், ஆழத்தில் 50 முதல் 60 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டும் முப்பரிமாணப் படம் கிடைத்தது.

இது தெரிந்தே போட்ட பிழை. கேட்காமலே வந்து சேரும் பிழைகளும் உண்டு. லென்ஸுக்கும் மாதிரிக்கும் நடுவே இடும் எண்ணெயிலிருந்தும், மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பிலிருந்தும், எல்லாவற்றையும் விடச் செல்லின் உடம்பிலிருந்தும் அவை வருகின்றன. முப்பரிமாண அதிநுண் படங்களை நம்பலாமா என்பது இந்த அழையா விருந்தாளிகளைக் கணக்கில் எடுத்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஆனால் ஆய்விதழ்களின் அட்டையில் படம் வருகிறது; பிழைத் திருத்தத்தின் கதை பின்னிணைப்பின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் வருகிறது. பல நேரம் அதுவும் வருவதில்லை. இந்த வரிசை தவறு.

ஏன் தவறு என்பது புரிய, மறுபடி ஏரியிடம்தான் போக வேண்டும். பின்னாளில் பிரிட்டனின் அரசு வானியலாளரான அவர் 1835இல் இன்னொரு கணக்கையும் போட்டார். துளிக் குறையும் இல்லாத லென்ஸாக இருந்தாலும் ஒரு நட்சத்திரம் அதன் வழியே புள்ளியாக விழாது. நடுவில் ஒரு ஒளித்தட்டும் சுற்றிலும் மங்கலான வளையங்களுமாகத்தான் விழும். ஒளி ஓர் அலை என்பதால் தப்பிக்க வழியில்லாத விளைவு அது. 1873இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே இதை நுண்ணோக்கிக்குப் பொருத்தினார். ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்கள் ஒன்றாகவே தெரியும் என்று காட்டினார். பக்கவாட்டில் அது சுமார் 200 நானோமீட்டர். ஆழத்தில் நிலைமை இன்னும் மோசம். 500 நானோமீட்டருக்கும் மேல். யேனாவில் அபேயின் நினைவுக் கல்லில் அந்தச் சூத்திரத்தையே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

கல்லில் பொறித்ததைத் தாண்டியதற்காக 2014இல் எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களில் பெட்ஸிக்கின் கதை தனி ரகம். ஆராய்ச்சி வேண்டாம் என்று உதறிவிட்டுத் தந்தையின் இயந்திரக் கருவித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர், பிறகு நண்பர் ஹெரால்ட் ஹெஸ்ஸுடன் சேர்ந்து, கலிஃபோர்னியாவில் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் கைக்காசு போட்டு முதல் கருவியைக் கட்டினார். அந்த முடிவு வெளியான 2006இலேயே ஜுவாங்கின் குழுவும், மெய்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஹெஸ்ஸும் ஏறக்குறைய அதே வழியைத் தனித்தனியே கண்டிருந்தார்கள்.

வழி இதுதான். செல்லில் உள்ள ஒளிரும் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் ஏரி சொன்ன தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பிப் போகும். ஒரு நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் ஒளிர்ந்தால், ஒவ்வொரு தட்டும் தனித்து நிற்கும். தட்டு 250 நானோமீட்டர் அகலமாக இருந்தாலும் அதன் மையம் எங்கே என்பதை அதைவிட எவ்வளவோ நுட்பமாகச் சொல்லிவிடலாம். 100 ஃபோட்டான் வந்தால் பத்து மடங்கு நுட்பம். 10,000 வந்தால் நூறு மடங்கு. இப்படி ஆயிரக்கணக்கான படச் சட்டங்களில் மையங்களைக் குறித்துக்கொண்டே போய், கடைசியில் எல்லாக் குறிகளையும் ஒன்றாக அச்சிட்டால் அபேயின் எல்லைக்குக் கீழே உள்ள உலகம் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, கிடைப்பது சாதாரணப் பொருளில் புகைப்படம் அல்ல என்பதை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணக்கீட்டின் விடை. கணக்கில் போட்ட தட்டின் வடிவமும் உண்மையில் விழுந்த தட்டின் வடிவமும் வேறாக இருந்தால், விடை தவறும். படம் மட்டும் கூர்மையாகவே இருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் லென்ஸ் கெட்டிருந்தால் படம் மங்கி, பார்ப்பவரை எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காமல் போகலாம்.

ஆழத்தை அளக்கும் வேலையைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். சிலிண்டர் லென்ஸ் போட்ட நுண்ணோக்கியின் கவர் ஸ்லிப்பில், 100 நானோமீட்டர் அளவுள்ள ஒளிரும் மணிகளைத் தூவி ஒட்டவைக்கிறார்கள். நுண்ணோக்கியின் மேடையைப் படிப்படியாக, ஒவ்வொரு படியும் சில பத்து நானோமீட்டர் என்று நகர்த்துகிறார்கள். கணினித் திரையில் மணியின் ஒளித்தட்டு முதலில் நெட்டுக்கு நீண்ட முட்டையாக நிற்கும். மேடை நகர நகர முட்டை தடித்து வட்டமாகும். அதைத் தாண்டினால் கிடைமட்டமாகப் படுத்துக்கொள்ளும். எந்த உயரத்தில் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று அட்டவணை போட்டாயிற்று. இனி செல்லுக்குள் ஒரு மூலக்கூறு இப்படி ஒரு முட்டையாக விழுந்தால், அட்டவணையைப் பார்த்து அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம். ஏரி ஊசித்துளை அட்டையை அளவுகோல் மீது நகர்த்திச் செய்த அதே சோதனை இது; அங்குலத்தில் இருந்தது நானோமீட்டருக்கு வந்திருக்கிறது.

சிக்கல் எங்கே? மணி ஒட்டியிருப்பது கண்ணாடியில். மூலக்கூறு இருப்பது செல்லுக்குள். மணியின் ஒளி கண்ணாடி, எண்ணெய் வழியாக நேரே லென்ஸுக்குள் போகிறது. இவை இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் சுமார் 1.52. செல்லுக்குள் மூன்று நான்கு மைக்ரோமீட்டர் மேலே உள்ள மூலக்கூறின் ஒளி, முதலில் 1.33 எண்ணுள்ள நீரையும் அதைவிடச் சற்றுக் கூடிய எண்ணுள்ள செல்சாற்றையும் கடந்துதான் கண்ணாடிக்கு வருகிறது. எல்லையில் கதிர்கள் வளைகின்றன. நடுவில் வரும் கதிரும் ஓரத்தில் வரும் கதிரும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. பள்ளிப் பாடநூலில் கோளப் பிறழ்ச்சி என்று வருவது இதுவேதான்.

நீர் நிறைந்த தொட்டியை மேலிருந்து பார்த்தால் தரை மேலெழுந்து தெரியும். ஆழம் குறைந்து தோன்றும். இங்கே நேர்மாறு. அடர்ந்த ஊடகத்திலிருந்து நீருக்குள் பார்ப்பதால் ஆழம் கூடித் தோன்றும். எண்ணெய் லென்ஸ் போட்ட நுண்ணோக்கியில் மேடையை 1 மைக்ரோமீட்டர் நகர்த்தினால், நீர் மாதிரிக்குள் குவியம் உண்மையில் நகர்வது 0.7 முதல் 0.8 மைக்ரோமீட்டர்தான். திருத்தம் போடாவிட்டால், செல்லுக்குள் உருண்டையாக இருக்கும் ஒரு சிறுபை திரையில் நிமிர்ந்த முட்டையாகத் தெரியும். அழகான, கூர்மையான, வண்ணமயமான முட்டை. அதைப் பார்த்து ‘நீள்வட்டச் சிறுபைகள்’ என்று ஒரு கட்டுரை எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது, ஒளியியல் தெரிந்தவரைத் தவிர.

மொத்தமாக ஒரு பெருக்கல் எண்ணைப் போட்டு இந்த நீட்சியைச் சரிசெய்வது வழக்கம். அது முதலுதவி. ஆழம் கூடக் கூடத் தட்டின் வடிவமே மாறுவதால், ஒரே எண் எல்லா ஆழத்துக்கும் பொருந்தாது. பார்வைப் புலத்தின் நடுவில் போட்ட அட்டவணை ஓரத்துக்கும் பொருந்தாது. மோர்னரின் குழு 2015இல் உலோகப் படலத்தில் நுண்துளைகளை வரிசையாகப் போட்டு, பார்வைப் புலம் முழுவதும் இந்த மாறுதலை அளந்து திருத்தியது. அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் லோசானில் இன்னொரு குழு வேறொன்றைக் காட்டியது: மூலக்கூறு மேலும் கீழும் போகும்போது அதன் தோற்ற இடம் பக்கவாட்டிலும் தள்ளாடுகிறது. உயரத்தை அளக்கப் போனால் பக்கமும் பிசகுகிறது. இரண்டு நிறங்களில் இரண்டு புரதங்களைப் பார்த்தால் நிறப்பிறழ்ச்சியும் சேர்ந்துகொள்ளும். சிவப்பின் குவியமும் பச்சையின் குவியமும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்.

சில்லறை விஷயங்கள்கூடக் கணக்கைக் கெடுக்கும். கவர் ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர் தடிமன் என்று எண்ணித்தான் லென்ஸைச் செய்கிறார்கள். மலிவான பெட்டியில் ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு தடிமனில் இருக்கும். அறை வெப்பத்துக்கென்று வாங்கிய எண்ணெய், உயிருள்ள செல்லைப் பார்க்க 37 டிகிரிக்குச் சூடேற்றினால் ஒளிவிலகல் எண்ணில் இறங்கிவிடும். ஆய்வகத்தில் இதெல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது. இல்லாத ஆய்வகத்தில், விலை உயர்ந்த கருவி அழகான பொய்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் துறையின் பெரிய குழப்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கட்டுரைகளில் பெருமையாக அச்சாகும் எண் பெரும்பாலும் நுட்பத்தின் எண்: அதே மூலக்கூறைத் திரும்பத் திரும்ப அளந்தால் விடைகள் எவ்வளவு நெருங்கி விழும் என்பது. விடை சரியான இடத்தில் விழுகிறதா என்பது வேறு கேள்வி. ஃபோட்டான் கூடினால் தற்செயல் பிழை குறையும். பிறழ்ச்சியால் வந்த பிழை ஓர் அணுவளவும் குறையாது. நல்ல சாயமும் நல்ல கேமராவும் இல்லாத காலத்தில், 50 நானோமீட்டர் தடுமாற்றத்துக்குள் 30 நானோமீட்டர் பிறழ்ச்சி மறைந்துகொண்டது, யாருக்கும் நஷ்டமில்லை. இன்று நிலைமை அப்படியில்லை. ஹெல்லின் குழு 2016இல் மின்ஃப்ளக்ஸ் என்ற முறையில் 1 நானோமீட்டர் அளவுக்கே நுட்பத்தைக் கொண்டுவந்துவிட்டது. தற்செயல் பிழை சுருங்கச் சுருங்க, எஞ்சி நிற்கும் பிழையில் பெரும்பங்கு ஒளியியலுடையது. கருவி முன்னேற முன்னேறத் திருத்தத்தின் தேவை கூடிக்கொண்டே போகிறது.

‘வடிவம் தெரிந்தால் போதும், நானோமீட்டர் கணக்கு யாருக்கு வேண்டும்’ என்று உயிரியலாளர்கள் சிலர் சொல்வதுண்டு. வடிவம் மட்டும் பேசும் கட்டுரைக்கு அது பொருந்தலாம். ஆனால் இன்று பல கட்டுரைகள் பேசுவது தூரத்தை. ஜுவாங்கின் குழு 2010இல் மூளையின் நரம்பிணைப்புகளில் ஒவ்வொரு புரதமும் எந்தத் தூரத்தில் அமர்ந்திருக்கிறது என்று அளந்து வரைபடம் போட்டது. 2013இல் நரம்பு இழைகளுக்குள் ஆக்டின் வளையங்கள் 180 முதல் 190 நானோமீட்டர் இடைவெளியில், ஏணிப்படி ஒழுங்கில் இருப்பதைக் கண்டது. இந்த மாதிரி எண்கள்தான் அடுத்த ஆய்வுக்கு அடித்தளம். நாளை ஒருவர் நோயுற்ற எலியின் நரம்பிணைப்பில் இடைவெளி 20 நானோமீட்டர் கூடியிருக்கிறது என்று சொன்னால், அது நோயின் வேலையா, எண்ணெயின் வேலையா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. மருந்து கொடுத்த செல்லையும் கொடுக்காத செல்லையும் ஒரே கருவியில் பார்க்கும்போது, இரண்டுக்கும் ஒரே பிழைதானே, கழித்துப் பார்த்தால் போய்விடாதா என்பது அந்த வாதம். இரண்டு செல்லும் ஒரே தடிமனில், அளக்கும் இடம் ஒரே ஆழத்தில், சுற்றியுள்ள திரவம் ஒரே வகையாக இருந்தால் போய்விடும். மருந்து பட்ட செல் உப்பும், உருளும், சில நேரம் கண்ணாடியை விட்டு எழும்பும். அளக்கும் இடம் ஒரு மைக்ரோமீட்டர் மேலே போனாலே பிழையும் மாறிவிடும். அப்போது கழித்தால் மிஞ்சுவதை மருந்தின் விளைவு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

அளவுகோல் இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. இயற்கையே ஒன்றைத் தந்திருக்கிறது. செல்லின் உட்கருச் சவ்வில் ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையும் எட்டு மூலைகள் கொண்ட வளையம். எல்லாத் துளையும் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றில் உள்ள என்.யு.பி.96 என்ற புரதம் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வளையங்களில் அமர்ந்திருக்கிறது. வளையத்தின் விட்டம் சுமார் 107 நானோமீட்டர். இரு வளையங்களுக்கும் இடைவெளி சுமார் 50 நானோமீட்டர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் உறுதியான கணக்கு இது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் யோனாஸ் ரீஸ் குழு, இந்தப் புரதத்தில் ஒளிரும் குறி பொருத்திய செல் வகைகளை உருவாக்கி, இதையே பொது அளவுகோலாகக் கொள்ளலாம் என்று 2019இல் முன்வைத்தது. ஒரு நுண்ணோக்கி இரண்டு வளையங்களையும் பிரித்து, 50 நானோமீட்டர் என்று சொன்னால் அதன் ஆழக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. 65 என்று சொன்னால் எங்கோ கோளாறு. உட்கருவின் அடிப்பக்கச் சவ்வு கண்ணாடிக்கு அருகில் இருக்கும். மேற்பக்கச் சவ்வு பல மைக்ரோமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டையும் அளந்தால், ஆழத்தோடு பிழை எப்படி வளர்கிறது என்பது ஒரே செல்லில் தெரிந்துவிடும். இவ்வளவு எளிய சோதனை ஏன் இன்னும் எல்லா ஆய்வகத்திலும் வழக்கமாகவில்லை என்பது வியப்பு.

பிழை சொல்லும் அளவீட்டை ஒதுக்கியதற்கு ஒளியியல் வரலாற்றில் விலை உயர்ந்த உதாரணம் ஹபிள் தொலைநோக்கி. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. சில வாரங்களில் படங்கள் மங்கல் என்று தெரிந்தது. 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாக இருந்தது. ஆடியின் வளைவைச் சோதிக்கப் பயன்படுத்திய கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்துவிட்டதே காரணம். தயாரித்த இடத்தில் வேறு இரண்டு சோதனைகளும் நடந்தன. இரண்டுமே கோளாறு இருப்பதைக் காட்டின. அவை நுட்பம் குறைந்த கருவிகள், அவற்றை நம்ப வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். தவறாகப் பொருத்திய கருவிதான் அங்கே மிக நுட்பமானது! நுட்பத்துக்கும் சரிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் காட்டியதில்லை.

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்தினார்கள். பிழை எவ்வளவு என்பதைக் கணக்கிட, மங்கலான நட்சத்திரப் படங்களே உதவின. ஒரு புள்ளியின் உருவம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதை வைத்து, அலைமுகப்பு எப்படி நெளிந்திருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை அது. பத்தாண்டு கழித்து, சான்ஃப்ரான்சிஸ்கோவில் மாட்ஸ் குஸ்டாஃப்சனும் சகாக்களும் அதே முறையை நுண்ணோக்கிக்குக் கொண்டுவந்தார்கள். நட்சத்திரத்தின் இடத்தில் ஒளிரும் மணி வந்தது.

வானியலிடமிருந்து வந்த இன்னொரு சொத்து, நெளியும் ஆடி. காற்றின் கொதிப்பால் நட்சத்திர ஒளி நெளிந்து வருகிறதென்றால், அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் நெளியும் ஆடியில் அதைப் பட்டுத் திரும்பவைத்தால் நேராகிவிடும் என்று வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் 1953இலேயே எழுதினார். அமெரிக்க ராணுவம் பல ஆண்டுகள் இதை ரகசியமாக வளர்த்தது. 1991இல்தான் பெரும்பகுதியை வெளியிட்டது. 1997இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸின் குழு அதை மனிதக் கண்ணுக்குத் திருப்பியது. கண்ணின் குறையை ஆடி சரிக்கட்ட, உயிருள்ள மனிதரின் விழித்திரையில் கூம்புச் செல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டின் பூத்தும் சகாக்களும் 2002இல் இதைக் குவிய நுண்ணோக்கியில் செய்து காட்டினார்கள். பெட்ஸிக்கும் நா ஜியும் இதை மூளைத் திசுவுக்குக் கொண்டுபோனார்கள். வளைய வடிவ ஒளியால் சுற்றியுள்ள மூலக்கூறுகளை அணைத்து, நடுவில் உள்ளவற்றை மட்டும் ஒளிரவிடுவது ஹெல்லின் ஸ்டெட் முறை. அதில் ஒளிவளையத்தின் நடுவே இருள் பூரணமாக இருக்க வேண்டும். பிறழ்ச்சி வந்தால் அந்த இருளில் ஒளி கசிந்துவிடும். அதையும் 2012இல் பூத்தின் கூட்டணி இதே கொள்கையில் சரிசெய்தது.

தனி மூலக்கூறு முறையில் இது லேசான வேலை இல்லை. நட்சத்திரம் நின்று ஒளிரும். மூலக்கூறு மினுக்கென்று ஒளிர்ந்து அணைந்துவிடும். ஆடியை நெளித்ததால் படம் தெளிந்ததா, அந்த நேரம் பிரகாசமான மூலக்கூறு ஒன்று ஒளிர்ந்ததால் தெளிந்ததா என்று பிரிப்பது கடினம். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஃபாங் ஹுவாங்கின் குழு இதற்கு இரண்டு வழி கண்டது. 2020இல் வந்த முதல் வழி, கண்ணாடியில் ஒட்டிய மணியை விட்டுவிட்டுச் செல்லுக்குள் மினுங்கும் மூலக்கூறுகளையே மணியாகக் கொண்டு, அந்த ஆழத்தில் தட்டின் வடிவம் எது என்று கண்டுபிடிப்பது. 2023இல் வந்த இரண்டாவது வழியில், பயிற்சி பெற்ற நரம்பியல் வலையமைப்பு ஒன்று மினுக்குகளைப் பார்த்து 28 வகை நெளிவுகளை ஒருசேர மதிப்பிட்டு ஆடிக்குக் கட்டளை தருகிறது. 3 முதல் 20 முறை ஆடியை மாற்றினாலே போதுமானதாக இருந்தது. 130 மைக்ரோமீட்டருக்கும் தடித்த மூளைத் திசு வழியாக இதைச் செய்து காட்டினார்கள்.

செயற்கை நுண்ணறிவு என்றதும் கைதட்டுவோரும் உண்டு, முகம் சுளிப்போரும் உண்டு. இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. வலையமைப்பு ஆடியை நெளிக்கச் சொன்னால், சொன்னது சரியா என்று அடுத்த மினுக்கிலேயே தெரிந்துவிடும்; சரி என்றால் ஒளி உண்மையாகவே கூர்மையாகும், இல்லையென்றால் ஆகாது. படம் எடுத்து முடித்த பிறகு அதை மெருகூட்டித் தரும் மென்பொருளுக்கு இப்படி ஒரு தேர்வு இல்லை. பயிற்சியில் காணாத பிறழ்ச்சி வந்தாலும் அது தயங்காமல் ஒரு விடையைத் தரும். முன்னதை வரவேற்கலாம். பின்னதிடம் சான்று கேட்க வேண்டும்.

நெளியும் ஆடி எல்லா ஆய்வகத்துக்கும் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. கண்ணாடியை ஒட்டிய ஒரு மைக்ரோமீட்டருக்குள் வேலை என்றால் சரியான கவர் ஸ்லிப்பும் சரியான எண்ணெயும் பாதி வேலையை முடித்துவிடும். ஆழமாகப் போக வேண்டும் என்றால் நீர் லென்ஸ் அல்லது சிலிகோன் எண்ணெய் லென்ஸ் இருக்கிறது. மாதிரியைச் சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்திக் கண்ணாடியோடு ஒத்துப்போகச் செய்வதும் பழகிய வழி. ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் 1801இல் தன் கண்ணின் குறை கருவிழியிலா உள் லென்ஸிலா என்று அறிய, கண்ணைத் தண்ணீரோடு ஒட்டவைத்துக் கருவிழியின் விலகலை ஒழித்துப் பார்த்தார். அதன் நேர் வாரிசு இது.

ஆகக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கட்டாயத்துக்கு. மென்பொருள்களை ஒரே தரவில் போட்டியிடவைத்து, 2013இலும் 2016இலும் லோசான் ஆய்வாளர்கள் நடத்திய திறந்த போட்டிகள் நல்ல தொடக்கம். நுண்ணோக்கித் தரத்துக்காக 2020இல் தொடங்கிய குவாரெப்-லிமி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, லென்ஸ்களைச் சோதிக்கும் நடைமுறைகளை வகுத்துவருகிறது. இவை பரிந்துரைகளாக இருக்கும் வரை ஆர்வமுள்ளவர் மட்டுமே கேட்பார்கள். ஆய்விதழ்கள் நிபந்தனையாக்கினால்தான் மற்றவர்களும் கேட்பார்கள். ஆழத்தில் ஒரு தூரத்தை நானோமீட்டரில் சொல்லும் எந்தக் கட்டுரையும், அளவு திருத்திய மணி எந்த ஆழத்தில், எந்தத் திரவத்தில் இருந்தது என்று முதன்மை உரையிலேயே சொல்ல வேண்டும். உட்கருத் துளை மாதிரி அளவு தெரிந்த ஒன்றை அதே ஆழத்தில் அளந்து காட்ட வேண்டும். நுட்பத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் பிழையின் எண்ணும் அச்சாக வேண்டும்.

நிதி தருபவர்களுக்கும் பங்கு உண்டு. கருவி வாங்கக் கோடிகளைத் தரும் திட்டங்கள், அதைச் சரிபார்க்கும் ஒளியியல் பொறியாளரின் சம்பளத்துக்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. அவர் இல்லாமல் கருவியைத் தருவது பயனற்ற செலவு.

நேரமில்லை, இடமில்லை என்ற பதில் வரும். மணிகளைக் கூழ்மத்தில் கலந்து, செல்லின் ஆழத்திலேயே அளவு திருத்தம் எடுக்க அரைநாள் போதும். அந்தக் கோப்பு அதிகம் போனால் சில நூறு மெகாபைட். மூலக்கூறுகளின் மூலப்படத் தொகுப்போ பல பத்து ஜிகாபைட். பின்னதைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவைக்கும் ஆய்வகம், முன்னதையும் சேர்த்து ஏற்றுவதற்குத் தடையாக எதுவும் இல்லை, கேட்பார் இல்லாததைத் தவிர.